யாழ் முதல் மின்கிற்றார் வரை: நரம்பு கூட்டிய வரலாறு

சுருதியைத் தாயென்றும் லயத்தைத் தந்தையென்றும் கூறுவர் நம் பெரியோர். தாயின் கைப்பிடியை விட்ட பிள்ளை திருவிழாக் கூட்டத்தில் திகைத்து நிற்பது போல, சுருதியை விட்ட பாட்டும் எத்துணைச் சொல்லழகு உடையதாயினும் கேட்போர் செவியில் நில்லாது அலையும். இக்கட்டுரை பாட்டைப் பற்றியதன்று. பாட்டுக்கு முன்னர் நடைபெறும் ஒரு சிறு செயலைப் பற்றியது. நரம்பைத் தட்டி, செவி சாய்த்து, முறுக்காணியைத் திருகி, மீண்டும் தட்டிக் கேட்கும் அச்செயலுக்குச் சுருதி கூட்டுதல் என்று பெயர். அச்செயலுக்கு நீண்டதொரு சரித்திரம் உண்டு. அச்சரித்திரத்தில் தமிழருக்கும் பெரும் பங்கு உண்டு.

நமது கரையோரத்தில் இவ்விடயத்தை ஆராய வேண்டிய காலம் இது. முன்னேஸ்வரத்திலும் உடப்பிலும் நாதஸ்வரமும் தவிலும் முழங்குவதைக் கேட்டு வளர்ந்த அதே இளைஞர் இன்று மின்கிற்றாரையும் கையில் ஏந்துகின்றனர். முதியோருட் சிலர், “அது நமது வாத்தியமன்று; சுருதிக்கும் நில்லாது” என்கின்றனர். இளைஞருட் சிலரோ, “எங்களிடம் ரியூனர் இருக்கின்றது; முள் நடுவில் நின்றால் சுருதி சரிதான்” என்கின்றனர். இரு சாராரும் உண்மையிற் பாதியையே சொல்கின்றனர் என்பது என் துணிபு. மறுபாதியை வரலாறு சொல்லும்.

பழந்தமிழர் கூட்டிய நரம்பு

இன்று நாம் முறுக்காணியைத் திருகிச் செய்யும் வேலையைச் சங்ககாலப் பாணன் வேறு வகையாகச் செய்தான். வளைந்த தண்டிலே வாரினால் இறுகச் சுற்றிய கட்டுக்கள் இருந்தன. அவற்றைத் திவவு என்றனர். ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு திவவிற் பிணிக்கப்பட்டிருந்தது. திவவை மேலும் கீழும் நெகிழ்த்தி நரம்பின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் செய்தனர். பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை யாழின் உறுப்புக்களை ஒவ்வொன்றாக வருணிக்கும் இடத்தில் இத்திவவையும் காணலாம்.

கருவியை மட்டுமன்றி, நரம்புக்கும் நரம்புக்கும் உள்ள உறவையும் அவர்கள் பெயரிட்டு வகுத்திருந்தனர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பன ஏழு நரம்புகள். ஒரு நரம்புக்கு ஐந்தாவதாக நிற்பது கிளை. நான்காவதாக நிற்பது நட்பு. மூன்றாவதும் ஆறாவதும் பகை. சிலப்பதிகார வேனிற்காதையும் அதன் உரைகளும் இணை, கிளை, பகை, நட்பு என்னும் இந்நால்வகை உறவையும் விரித்துப் பேசுகின்றன. குடும்ப உறவுச் சொற்களைக் கொண்டு இசைக்கணிதம் வகுத்த நம் முன்னோரின் மதிநுட்பம் வியத்தற்குரியது.

இனிக் கிற்றாரைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் ஆறு தந்திகளும் தாழ்ந்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ எனக் கூட்டப்படுவன. முதல் நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று நான்காம் நரம்பாக, அதாவது நட்பாக, அமைந்துள்ளன. கடைசி இரு தந்திகளும் அவ்வாறே நட்பாயின. ஜீ தந்திக்கும் பீ தந்திக்கும் இடையிலே மட்டும் மூன்றாம் நரம்பின் உறவு வருகின்றது. நம் முன்னோர் வாக்கிற் சொன்னால் நான்கு நட்பும் ஒரு பகையும் கொண்டது கிற்றார். கிற்றார் வாசிப்போரைக் கேட்டால், எந்நாளும் தொல்லை தருவது அந்த ஜீ, பீ தந்திகளே என்பர். அதற்குரிய காரணத்தைப் பின்னர் காண்போம்.

மெட்டு வைத்த வீணை

யாழ் வழக்கொழிந்த பின் வீணை மேலோங்கியது. யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு நரம்பு வேண்டும். வீணையிலோ ஒரே தந்தியை வெவ்வேறு இடங்களில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில், இருபத்து நான்கு மெட்டுக்களை நிலையாக வைத்த வீணை உருவாயிற்று என்பர். மெழுகிலே பதிக்கப்பட்ட அம்மெட்டுக்களை வேண்டியபோது சிறிது நகர்த்தி அமைக்கவும் இயலும்.

தம்புராவிலும் ஒரு நுட்பம் உண்டு. மேலே மரப் பிரடையைத் திருகி முதலிற் சுருதியை அண்ணளவாகச் சேர்ப்பர். பின்னர் குதிரைக்குக் கீழே தந்தியிற் கோக்கப்பட்டுள்ள சிறு மணியை மேலும் கீழும் தள்ளி மயிரிழை பிசகாமற் சரிசெய்வர். பெருந்திருத்தம் ஓரிடத்தில், நுண்திருத்தம் வேறோரிடத்தில் என்னும் இம்முறையையே பல நூற்றாண்டுகள் கழித்து மின்கிற்றார் செய்தவர்களும் கைக்கொண்டனர்.

பண்டிதரும் அடிகளும்

இனி இக்கதையின் நடுநாயகமான விடயத்துக்கு வருவோம். ஒரு சுரத்துக்கும் அதன் மேல்தாயிச் சுரத்துக்கும் இடைப்பட்ட வெளியை எவ்வாறு பங்கிடுவது? இயற்கையின் வழி ஒன்று. கணக்கின் வழி மற்றொன்று. இயற்கை வழியில் ஐந்தாம் நரம்பு மூன்றுக்கு இரண்டு என்னும் விகிதத்திலும், நான்காம் நரம்பு நான்குக்கு மூன்று என்னும் விகிதத்திலும் ஒலிக்கும். செவிக்கு அதுவே இனிமை. ஆயினும் இவ்விகிதங்களைத் தொடர்ந்து அடுக்கிக்கொண்டு போனால் புறப்பட்ட இடத்துக்குச் சரியாகத் திரும்ப முடியாது, சிறிது மிஞ்சும். கணக்கு வழியில் அம்மிச்சத்தைப் பன்னிரண்டு அரைச்சுரங்களுக்கும் சமமாகப் பகிர்ந்து விடுவர். இதனைச் சமபங்கீடு என்போம்.

தமிழரிடையே இவ்வாராய்ச்சியில் இரு பெருமக்கள் தலைநின்றனர். ஒருவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). மருத்துவராகிய இவர் 1912ஆம் ஆண்டிலே தஞ்சையிற் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவி, 1916ஆம் ஆண்டு பரோடாவில் நடைபெற்ற அகில இந்திய இசை மாநாட்டிலும் தம் கொள்கையை எடுத்துரைத்து, 1917ஆம் ஆண்டிற் ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். தமிழிசையின் சுருதிகள் சமமாகப் பங்கிடப்பட்டவை, அவை இருபத்து நான்கு என்பது அவர் கொள்கை.

மற்றவர் நம் நாட்டவராகிய சுவாமி விபுலாநந்த அடிகள் (1892–1947). காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்று, மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் பட்டமும் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் ஒருங்கே பெற்றவர். பௌதிகமும் கணிதமும் கற்ற அவர் அவ்வறிவைக் கொண்டு பழைய உரைகளின் இசைக்குறிப்புக்களை ஆராய்ந்து, இயற்கை விகிதங்களின் வழியே இருபத்திரண்டு அலகுகளைக் கணித்து, மறைந்த யாழ்களின் வடிவத்தை மீட்டுத் தந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் பதிப்பித்த ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார்.

ஒருவர் கிறித்தவர், மற்றவர் இராமகிருஷ்ண சங்கத் துறவி. ஒருவர் சமபங்கீட்டை நாட்டினார். மற்றவர் இயற்கை விகிதத்தை நாட்டினார். இருவரும் ஒரே சிலப்பதிகாரத்தின் மீதே நின்று வாதிட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது. இவ்வாதம் ஏட்டோடு முடிந்ததும் அன்று. சமபங்கீட்டில் அமைந்த ஆர்மோனியம் நம் இசைக்கு ஒவ்வாது என்று கூறி, அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கி வைத்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அத்தடை தளர்ந்தது. இன்று மின்கிற்றாரைப் பற்றி நம் முதியோர் கூறும் குறையை அன்று ஆர்மோனியத்தைப் பற்றிக் கூறினர். அதே ஆர்மோனியம் இன்று பஜனை மடங்களில் நம்முடையதாகவே கருதப்படுகின்றது.

440 என்னும் எண்

மேல்நாட்டார்க்கு வேறொரு தொல்லை இருந்தது. நாம் பாடகரின் குரலுக்கேற்ப ஆதார சட்ஜத்தை வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரு கட்டை, மற்றவருக்கு ஐந்து கட்டை. அவர்களோ பல வாத்தியங்களை ஒருங்கே வாசிப்பவர்கள். ஆதலால் ஊருக்கு ஊர் மாறாத ஓர் அளவு அவர்களுக்கு வேண்டியதாயிற்று. 1711ஆம் ஆண்டில் இங்கிலாந்து அரசவையின் எக்காளக்காரர் ஜோன் ஷோர் என்பவர் இசைக்கவையை அமைத்தார். மிஷன் பாடசாலைகளிற் பாட்டுக்குழுவில் நின்ற எம்மனோர், ஆசிரியர் அதனை முழங்காலில் தட்டிக் காதருகே பிடிப்பதைக் கண்டிருப்போம். பிரான்ஸ் தேசம் 1859ஆம் ஆண்டில் ஏ என்னும் சுரத்துக்கு ஒரு செக்கனுக்கு 435 அதிர்வுகள் என்று சட்டம் வகுத்தது. 1939ஆம் ஆண்டு லண்டனிற் கூடிய மாநாடு அதனை 440 ஆக்கியது. 1955ஆம் ஆண்டிற் சர்வதேச நியமங்கள் தாபனமும் அவ்வெண்ணை ஏற்றுக்கொண்டது. ஆக, 440 என்பது மாந்தர் பலர் கூடிச் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையே. இயற்கை அதனை விதிக்கவில்லை.

மின்கிற்றார் வந்த வழி

1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோர்ஜ் பீச்சம் என்பவர், உருக்குத் தந்தியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு மின்னோட்டமாக மாற்றும் கிற்றாரை ஆக்கினார். அடோல்ஃப் ரிக்கன்பாக்கரின் தொழிற்சாலையில் அது விற்பனைக்குச் செய்யப்பட்டது. உருவத்திற் சமையல் தாச்சியை ஒத்திருந்தமையால் அப்பெயராலேயே அதனை அழைத்தனர். 1950ஆம் ஆண்டில் லியோ ஃபென்டர் கட்டை மரத்தில் அமைந்த கிற்றாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1954ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டரில், குதிரையையே ஒரு நெம்புகோலால் அசைத்துச் சுரத்தை நடுக்கும் ஏற்பாடு இருந்தது. கேட்க இனிமை, சுருதிக்கோ சோதனை. நெம்புகோலை அமுக்கி விட்டால் தந்திகள் பழைய நிலைக்குச் சரியாகத் திரும்புவதில்லை. 1970களின் பிற்பகுதியில் ஃபிளொயிட் ரோஸ் என்பவர் தந்தியை மேற்கட்டையிலே பூட்டி வைக்கும் முறையை ஆக்கினார். பூட்டிய பின் முறுக்காணி பயன்படாது. ஆதலால் குதிரையருகே நுண்திருகுகளை வைக்கும் முறை வந்தது. தம்புராவின் மணியை இங்கே நினைவுகூர்க.

இலங்கையிற் சிங்கள இசைக்கு மின்கிற்றாரைக் கொண்டுவந்த பெருமை கிளாரன்ஸ் விஜேவர்தனவுக்கு (1943–1996) உரியது. 1960களின் நடுப்பகுதியில் தோன்றிய மூன்ஸ்டோன்ஸ் குழுவின் வழியே அது வானொலியேறி எல்லா ஊர்களையும் அடைந்தது. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் தமிழிற் பொப்பிசையைப் பரப்பினர். போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாகிய பைலா நம் கரையோரத்தில் முன்னரே ஊன்றியிருந்தது. புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளி மக்களின் மஞ்சா ஆடல் இன்றும் அதன் உறவினைக் காட்டும். உடப்பிற் கரைவலை இழுப்போர் பாடும் அம்பாவுக்கோ வாத்தியமே வேண்டியதில்லை. முன்பாட்டுக்காரனின் குரலே சுருதி. இத்தனையும் ஒரே கரையில் ஒலிப்பவை. மின்கிற்றார் அவற்றுட் கடைசியாக வந்து சேர்ந்த விருந்தாளி.

ரியூனரும் அதைத் தேர்தலும்

செவியின் வேலையைக் கண்ணுக்கு மாற்றிய கருவியே ரியூனர். 1936ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோண் கம்பனி ஸ்ட்ரோபோகோன் என்னும் கருவியை வெளியிட்டது. சுழலும் தட்டின் கோடுகள் அசையாது நிற்பது போலத் தோன்றினாற் சுருதி சேர்ந்தது என்பது பொருள். அது பெட்டியளவு பெரியது, விலையும் மிகுந்தது. 1975ஆம் ஆண்டில் ஜப்பானின் கோர்க் கம்பனி கைக்கடக்கமான முள் ரியூனரை விற்பனைக்கு விட்டது. 1998ஆம் ஆண்டில் பொஸ் கம்பனியின் காலால் மிதிக்கும் ரியூனர் மேடைகளைப் பிடித்தது. 2010ஆம் ஆண்டில் ஆறு தந்திகளையும் ஒரே தட்டில் அளந்து காட்டும் கருவியும் வந்துவிட்டது.

ஓர் அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு சென்ற் ஆகும். ஐந்தாறு சென்ற் பிழையையே சாதாரண செவி உணரும். நல்ல ரியூனர் ஒரு சென்ற்றையும் காட்டும். தேர்ந்தெடுப்போர் முதலிற் சிந்திக்க வேண்டியது தாம் வாசிக்கும் இடத்தையே. வீட்டின் அமைதியில் வாசிப்போருக்கு ஒலிவாங்கியால் இயங்கும் ரியூனரோ கைத்தொலைபேசிச் செயலியோ போதும். தவிலும் பறையும் முழங்கும் கோயில் வீதியில் அது திகைத்துப் போகும். அங்கே கிற்றாரின் தலையிற் கௌவி, மரத்தின் அதிர்வை உணரும் ரியூனரே உதவும். மேடையேறும் குழுவினர்க்கு மிதி ரியூனர் நன்று. அதை மிதித்ததும் ஒலி அடங்கிவிடும், சபையோர் முன் ‘டொய்ங், டொய்ங்’ என்று இழுக்க வேண்டியதில்லை. எதனை வாங்கினும் 440 என்னும் எண்ணைக் கூட்டிக் குறைக்கும் வசதி அதில் உண்டா என்று பார்த்து வாங்குக. அதன் காரணத்தை இறுதியிற் காணலாம்.

சுருதி கலைவதேன்?

சாதாரண மின்கிற்றாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து சுமார் 45 கிலோகிராம் இழுவையைத் தாங்கி நிற்கின்றன. தந்தியின் சுருதி அவ்விழுவையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பது பதினேழாம் நூற்றாண்டிலே மெர்சென் என்னும் பிரெஞ்சுத் துறவி வகுத்த விதி. ஆகவே இழுவையிற் சிறு மாற்றம் நேரினும் சுருதி அசையும். வெயிலில் உருக்கு நீண்டு தளரும், சுருதி தாழும். புதுத் தந்தி சில நாட்கள் நீண்டுகொண்டே இருக்கும். பூட்டியவுடன் மெல்ல இழுத்து விட்டு மீண்டும் கூட்டுதல் வேண்டும். மேற்கட்டையின் பள்ளத்திலே தந்தி சிக்கி ‘டிக்’ என்று துள்ளினால், பென்சிற் கரியைச் சிறிது தேய்த்தாற் போதும். முறுக்காணியிற் பல்சக்கரம் உண்டு. அதிற் சிறு தளர்ச்சி எப்போதும் இருக்கும். ஆதலால் சுரம் மிஞ்சிவிட்டாற் கீழிறக்கி, மீண்டும் கீழிருந்து மேலேற்றியே நிறுத்துக. மேலிருந்து இறக்கி நிறுத்திய தந்தி வாசிக்கும்போது நழுவும். முறுக்காணி வாங்குவோர் அதன் பல்விகிதத்தையும் நோக்குக: பதினான்கு முறை திருகினால் அச்சு ஒரு முறை சுழல்வதைவிடப் பதினெட்டு முறைக்கு ஒன்று சுழல்வது நுண்ணிய திருத்தத்துக்கு ஏற்றது.

நமது கரையோரத்துக்கே உரிய பகை உப்பு. உப்பளத்துக்குப் பெயர்போன புத்தளத்திற் கச்சான் காற்று வீசும் நாட்களில் உருக்குத் தந்தி விரைவிற் கறள் ஏறும். கறளேறிய தந்தி நீளமெங்கும் ஒரே தடிப்பாயிராது. திறந்து வாசிக்கும்போது ரியூனர் சரியென்று காட்டினும், மெட்டில் அழுத்தினால் அபசுரம் எழும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து உறையிலிட்டு வைப்பதே சிறந்த மருந்து. துடைத்தும் தீராவிடின் தந்தியை மாற்றுக. புதுத் தந்தியிலும் குறை தோன்றினால், பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரமும் அவ்விடத்திலே தொட்டெழுப்பும் மெல்லிசைச் சுரமும் ஒத்துள்ளனவா என்று பார்த்துக் குதிரையை நகர்த்துக.

இனிப் பகை நரம்பின் கதை. செவியால் மட்டும் கூட்டுவோர், இரு தந்திகளையும் ஒருங்கே மீட்டி, ‘உவா, உவா’ என்னும் அடிப்பு மறையும்வரை முறுக்குவர். நட்பு நரம்பில் இயற்கை விகிதத்துக்கும் சமபங்கீட்டுக்கும் வேறுபாடு 2 சென்ற் மாத்திரமே, பெரிதும் தெரியாது. மூன்றாம் நரம்பிலோ அவ்வேறுபாடு ஏறத்தாழ 14 சென்ற். ஜீ, பீ தந்திகளை அடிப்பு மறையும்வரை கூட்டினால் அவ்விரண்டும் தம்முள் இனிக்கும். ஏனைய தந்திகளோடு சேர்ந்து கோர்ட் பிடிக்கும்போது கசக்கும். ஏனெனில் கிற்றாரின் மெட்டுக்கள் சமபங்கீட்டின்படி அறையப்பட்டவை. வீணை மெட்டைப் போல மெழுகில் நகராதவை. ஆதலால் கிற்றாரைப் பொறுத்தவரை பண்டிதரின் கணக்கே செல்லும். ரியூனரின் முள்ளும் அக்கணக்கையே பேசுகின்றது. முள் நடுநிலையானது என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது பழைய தமிழ் வாதமொன்றில் ஒரு கட்சியைச் சேர்ந்தது.

விருந்தாளியும் வீட்டாரும்

அவ்வாறாயின் செவிக்கு வேலை இல்லையோ எனின், உண்டு. நாதஸ்வரம் ரியூனரைக் கேட்டு ஒலிப்பதன்று. சீவாளியும் மூச்சும் துளையில் வைத்த மெழுகும் அதன் சுருதியை நிருணயிக்கின்றன. வெப்பம் ஏறக் காற்றுக் கருவியின் சுருதி உயரும். அதே வெப்பத்தில் உருக்குத் தந்தியின் சுருதி தாழும். ஆகவே ஒரே பந்தலில், ஒரே வெயிலில், இரண்டும் எதிரெதிரே விலகிச் செல்லும். அங்கே முள்ளைப் பார்த்து, “நான் சரி, அவர் பிழை” என்று கூறும் கிற்றார்க்காரன் சுருதி அறியாதவன். நாதஸ்வரம் நிற்கும் இடத்துக்குக் கிற்றார் போக வேண்டும். ரியூனரின் எண்ணை 440இலிருந்து 445க்கு ஏற்றினால் ஆறு தந்திகளும் ஏறத்தாழ 20 சென்ற் உயரும். எவ்வளவு ஏற்றுவது என்பதை எந்த முள்ளும் சொல்லாது; செவிதான் சொல்லும். முதலிற் செவியால் ஆதார சட்ஜத்தை அறிந்து, பின்னர் ரியூனரால் ஆறு தந்திகளையும் ஒழுங்காக்கி, மீண்டும் செவியால் ஒத்துப் பார்ப்பதே முறை.

இங்கேதான் முதியோரும் இளைஞரும் சந்திக்கின்றனர். சட்ஜம் எங்கே நிற்கின்றது என்பதைத் தம்புராவின் அருகிருந்து கேட்டுப் பழகிய முதியோர் அறிவர். தந்திகளை நொடியிற் கூட்டும் கருவியின் பழக்கத்தை இளைஞர் அறிவர். ஓர் அறிவு மற்றையதற்கு மாற்றாகாது. செவிப்பழக்கம் நூலால் வருவதன்று. கேட்பிப்பார் இருந்தாற் கேட்டு வருவது. அதை அறிந்தவர் உள்ளபோதே கேட்டுக்கொள்ளாவிடின், எத்தனை ரியூனர் வாங்கினும் அது திரும்பி வாராது. வாத்தியம் எந்நாட்டினதாயினும் ஆகுக. அதைச் சபையோடு ஒத்து நிற்கச் செய்யும் கலை நம்முடையதே. திவவை நெகிழ்த்திய பாணன் முதல் யாழ்களை மீட்ட அடிகள் வரை அக்கலையை நமக்குக் காத்துத் தந்துள்ளனர்.

ஆகவே, இளைஞர்காள், ரியூனரை வாங்குங்கள். ஆயின் திறப்பதற்கு முன் ஒரு கணம் செவி கொடுங்கள். பெரியோர்களே, கிற்றாரைக் கண்டு முகஞ்சுளியாது, அருகிருத்திச் சட்ஜத்தைக் காட்டிக் கொடுங்கள். இணையும் கிளையும் நட்பும் பகையும் ஒரே கருவியில் ஒலித்து நின்றே இசை பிறக்கின்றது. நமது சங்கமும் அவ்வாறு ஒலிப்பதாக.